சிறு செலவில் சென்னை

முல்லைத்தீவுக் கடற்கரையில் விடியற்காலையில் நிற்பவர், கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காண்பார். அதே வேளையில் சென்னை மெரினாக் கடற்கரையில் நிற்பவரும் அதே கடலிலிருந்து அதே கதிரவன் எழுவதையே காண்பார். நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே சென்னை இருப்பது புலப்படும். இரண்டும் வங்கக் கடலை நோக்கிய ஊர்கள். வடகீழ்ப் பருவக்காற்றே இரண்டுக்கும் பெருமழையைக் கொண்டுவருகின்றது. இரண்டிலும் தமிழே வழங்குகின்றது. ஆயினும் ஒன்று சிறு பட்டினம், மற்றையது மாநகர். ஒன்றிலிருந்து மற்றையதற்குச் செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். இத்துணை அண்மையும் இத்துணைப் புதுமையும் ஒருங்கே அமைந்த வெளிநாட்டு நகர் வன்னி மக்களுக்குப் பிறிதொன்றில்லை.

வெளிநாட்டுப் பிரயாணம் என்றவுடன் பெரும் விடுதிகளும், வாடகை மோட்டார் வண்டிகளும், பை நிறைந்த பணமுமே பலருடைய மனக்கண் முன் தோன்றும். அவை இல்லாதவர் வீட்டில் இருப்பதே மேல் என்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் தவறானது. மாநகர் ஒன்று தன்னிடமுள்ள சிறந்த பொருள்களுட் பலவற்றை எல்லார்க்கும் பொதுவாகவே வைத்திருக்கின்றது. கடற்கரை, நூல்நிலையம், பூங்கா, கோயில் வீதி, நகர்ப்புறப் புகையிரதம், நடைபாதைப் புத்தகக்கடை ஆகியவற்றின் வாயிலில் செல்வரும் வறியரும் ஒன்றாகவே நிற்பர். சிறிய பணப்பையுடன் செல்பவர் வேறு போக்கிடம் இன்மையால் நேரே இவற்றிடம் சென்று சேருகின்றார். உடன் ஒரு நண்பரும் இருப்பாராயின், கண்டதைப் பகிர்ந்துகொள்ளும் இன்பமும் சேர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, முள்ளியவளையில் வாழும் ஆசிரியர் ஒருவரும், அஞ்சலகத்திற் பணிபுரியும் அவருடைய பள்ளித் தோழர் ஒருவரும் ஐந்து நாள் விடுமுறையாகச் சென்னைக்குப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாதச் சம்பளக்காரர். இருவருக்கும் குடும்பம் உண்டு. ஓராண்டாகச் சிறிது சிறிதாகச் சேர்த்த பணமே கையிலுள்ளது.

இவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் இப்பிரயாணம் எளிதாக இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவையும் தொடங்கிற்று. கடல்வழி ஏறக்குறைய 22 மைல். வன்னியிலிருந்து செல்வோர் மாங்குளத்திற் புகையிரதம் ஏறி, மதவாச்சிச் சந்தியில் இறங்கி மாறி, தலைமன்னார் இறங்குதுறையை அடைவர். கப்பல் அக்கரையை அடைந்ததும் சென்னை எழும்பூருக்குச் செல்லும் வண்டி காத்திருக்கும். பாடகர் கச்சேரி கேட்கவும், நூல் அச்சிடவும், திரைப்படம் பார்க்கவும், புடைவை வாங்கவும் மக்கள் இவ்வழியே போய்வந்தனர். 1964 டிசெம்பர் 22ஆம் நாள் வட இலங்கையைக் கடந்து சென்ற பெரும் புயல், அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. புகையிரத வண்டியொன்றும் அலைவாய்ப்பட்டது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே சென்ற கப்பலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று.

கப்பல் நின்றதேயன்றி, மக்கள் கடலைக் கடப்பது நிற்கவில்லை. 1983ஆம் ஆண்டின் பின் இலட்சக்கணக்கானோர் இராமேசுவரக் கரையில் ஏதிலிகளாய் இறங்கினர். வள்ளத்தில் நெருங்கி அமர்ந்து, இருளிற் கரைதட்டி, மண்டபம் முகாமிற் பெயர் பதிந்து, தமிழ்நாட்டின் பல முகாம்களிற் குடியமர்த்தப்பட்டனர். மேற்கூறிய அஞ்சலகத் தோழரும் 1990இல் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அவ்வாறு சென்று, சில ஆண்டுகளின்பின் திரும்பியவராக இருத்தல் கூடும். அவ்வாறானோர் வன்னியிற் பலர். இந்தியாவில் வாழ்ந்தவரே ஆயினும் அவர் சென்னையைக் கண்டதில்லை. முகாமில் இருப்பவர் நகர் பார்க்கப் போவதில்லை. தாம் விரும்பிய நாளிற் புறப்பட்டு, தாம் குறித்த நாளில் வீடு திரும்பும் உறுதியோடு அதே கடலை மீண்டும் கடப்பது அவருக்கு முற்றிலும் புதிய அநுபவமாகும். விடுமுறைப் பிரயாணம் என்பதன் பொருளை அவரைப்போல் அறிந்தவர் சிலரே.

இப்போது வழி மீண்டும் திறந்திருக்கின்றது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கிற்று. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பல் வெள்ளோட்டம் கண்டது. சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. கடல் அமைதியாக உள்ள காலங்களிலேயே கப்பல் செல்லும். மாரிகாலத்தில் அதனை நம்பியிருத்தல் ஆகாது. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகவோ மாங்குளம் வழியாகவோ கண்டி வீதியை அடைந்து யாழ்ப்பாணம் செல்லலாம். கப்பலில் நாகப்பட்டினம் சேர்ந்தவர், அங்கிருந்து இரவுப் புகையிரதத்திற் சென்னைக்குச் செல்வாராயின், ஓர் இரவின் தங்குமிடச் செலவும் மிச்சமாகும். இந்திய நுழைவு அனுமதியை முன்னரே பெற்றுவிடல் வேண்டும்.

காலத்தைத் தெரிந்தெடுப்பதும் சிக்கனத்தின் ஒரு பகுதியே. பாடசாலைக்கு விடுமுறை கிடைக்கும் ஓகஸ்டு மாதம் இதற்கு ஏற்றது. 1639 ஓகஸ்டு 22ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பனியார் இக்கடற்கரையில் நிலம் பெற்றதைச் சென்னை நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004 முதல் நகரத்தார் விழாக் கொண்டாடி வருகின்றனர். அவ்வேளையில் வரலாற்று அறிஞர்கள் பழைய வீதிகளினூடே மக்களை அழைத்துச்சென்று விளக்கும் நடைகளும் சொற்பொழிவுகளும் பல நடைபெறும். அவற்றுட் கட்டணம் இல்லாதனவும் உண்டு. சங்கீதப் பிரியருக்கு மார்கழியே உகந்தது. 1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதெமியில் விழாக் காலத்துக் காலைநேர விளக்கவுரைகளை எவரும் சென்று கேட்கலாம். ஏனைய சபாக்கள் பலவற்றிலும் நண்பகற் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. வளர்ந்துவரும் இளங்கலைஞர் பாடும் நேரம் அது. நாளை புகழ்பெறப் போகும் குரலை இன்று முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு, பணம் கொடுத்துப் பின்வரிசையில் இருப்பவருக்குக் கிடையாது.

சென்னையைச் சேர்ந்ததும் தங்குமிடம் தேடவேண்டும். திருவல்லிக்கேணியின் குறுகிய தெருக்களில் ‘மேன்சன்’ என வழங்கும் சிறு விடுதிகள் பல உள்ளன. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய இடங்கள் அவை. வெளிநாட்டவர் தங்குவதை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் ஏற்பாடு எல்லா விடுதிகளிலும் இராது. அவ்வேற்பாடு உள்ளதா என்று முன்னரே விசாரித்து அறிதல் நலம். அறையில் இரண்டு கட்டிலும் ஒரு மின்விசிறியும் இருந்தாற் போதும். பகல் முழுவதும் வெளியே திரிபவருக்கு அறை என்பது உறங்கும் இடம் மாத்திரமே.

இருவராய்ச் செல்வதன் கணக்கு இங்கேதான் தொடங்குகின்றது. அறை வாடகை பாதியாகின்றது. முச்சக்கரவண்டிக் கூலி பாதியாகின்றது. ஒருவர் சீட்டு வாங்கும்போது மற்றவர் பொதிகளைக் காத்துக்கொள்கின்றார். பணத்தைப் பற்றி மனத்தாங்கல் நேராதிருக்க, அநுபவமுள்ளோர் ஒரு வழி கூறுவர். காலையில் இருவரும் சமமான தொகையைப் பொதுப்பை ஒன்றில் இடவேண்டும். உணவு, வண்டி, நுழைவுக் கட்டணம் யாவும் அதிலிருந்தே செல்லவேண்டும். சொந்தப் பொருள் வாங்குவது அவரவர் பணத்தில். மாலையில் எஞ்சிய சில்லறையை எண்ணிப் பார்ப்பதே ஓர் இன்பமாகிவிடும். நாளொன்றுக்கு ஒருவர் விருப்பப்படி ஓர் இடம், மற்றவர் விருப்பப்படி ஓர் இடம் என்று வகுத்துக்கொள்வதும் நல்லது. நமது ஆசிரியருக்குப் புத்தகத்திற் பிரியம். அஞ்சலகத் தோழருக்குப் புகையிரதத்திலும் உணவிலும் பிரியம். இருவரும் தாமாகத் தனியே நாடியிராத இடங்களுக்கு மற்றவர் பொருட்டுச் சென்று, அவற்றிலும் சுவை கண்டுகொள்வர்.

காலை உணவு சென்னையிற் பெரும் செலவுக்குரியதன்று. தெருமுனைச் சிற்றுண்டிச்சாலையில் வாழையிலைத் துண்டின்மேல் ஆவி பறக்க வைக்கப்படும் இட்டிலியும், இரண்டு சட்டினியும், கேட்கக் கேட்க ஊற்றப்படும் சாம்பாரும், புட்டும் சொதியும் உண்டு பழகிய வன்னி நாவுக்குப் புதுவிருந்தாகும். ஏழைத் தொழிலாளருக்கென 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் இட்டிலி ஒன்று ஒரு ரூபாவுக்கு விற்கப்பட்டது. உணவு முடிந்தபின் கோப்பி. வறுத்து அரைத்த கொட்டையை வடிகட்டியில் இட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கிய சாற்றைக் கொதிக்கும் பாலோடு கலந்து, விளிம்பு மடிந்த சிறு குவளையில் அகன்ற வட்டிலோடு தருவர். குவளையிலிருந்து வட்டிலுக்கும் வட்டிலிலிருந்து குவளைக்கும் ஆற்றிக் குடிக்கும் முறையை முதல்நாள் அறியாது விரலைச் சுட்டுக்கொண்ட தோழர், இரண்டாம் நாள் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார். மூன்றாம் நாள் பரிமாறுபவரே கேட்காமற் கொண்டுவந்து வைப்பார். அந்நிய நகரில் ஒருவர் தம்மை அடையாளங் கண்டுகொள்வது எத்துணை மனநிறைவைத் தருகின்றது!

திருவல்லிக்கேணியிலிருந்து மெரினாவுக்கு நடந்தே செல்லலாம். கடற்கரையோரமாய் உலாவுசாலை அமைத்தவர் 1880களில் ஆளுநராயிருந்த கிராண்ட் டப் என்பார். முல்லைத்தீவிற் கடல் என்பது தொழிலிடம். வள்ளமும் வலையும் கருவாடும் அங்கே கரையை நிறைத்திருக்கும். மெரினாவின் பெரும்பகுதியிலோ மக்கள் வெறுமனே இருப்பதற்காகவே கடலை நாடி வருகின்றனர். முதியோர் விரைந்து நடக்கின்றனர்; சிறுவர் பட்டம் விடுகின்றனர்; மாலையானதும் சுண்டல் விற்போர் குரல் கேட்கின்றது. கடலோடு பழகிய நம்மவர் அங்கே நீந்த எண்ணலாகாது. அக்கரையின் நீரோட்டம் கொடியது. குளிக்கத் தடையும் உண்டு. மணலில் அமர்ந்து காலை நனைத்துக்கொள்வதே போதுமானது.

சாலையோரத்தில் உழைப்பாளர் சிலை நிற்கின்றது. தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்த அச்சிலை 1959இல் நிறுவப்பட்டது. நால்வர் சேர்ந்து பெரும் பாறையொன்றை நெம்பிப் புரட்டும் காட்சி அது. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடி உடலைப் பின்சாய்த்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடைபெற்றபோது, புலவர் பலருடைய சிலைகளும் இச்சாலையில் வரிசையாக எழுந்தன. அம்மாநாட்டுக்கு அடிகோலிய ஆராய்ச்சி மன்றத்தை 1964இல் தோற்றுவிப்பதில் முன்னின்றவர் ஈழத்தவரான தனிநாயகம் அடிகளார் என்பதை நேயர்கள் அறிவர். அச்சிலைகளுள் ஒன்று, கையிற் சிலம்பேந்தி நிற்கும் கண்ணகி. 2001ஆம் ஆண்டின் இறுதியில் இடத்தினின்று அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது அது.

“இஞ்சை பாரும், எங்கடை அம்மன் இங்கை றோட்டிலை நிக்கிறா!” என்று தோழர் கூவுவார். அவர் கூற்றில் வியப்பில்லை. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாது ஈழத்துக்கு வந்து பல இடங்களில் அமர்ந்து, பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை என்பது முல்லைத்தீவு மக்களின் மரபுரை. வைகாசிப் பொங்கலன்று கடல்நீரைக் கொண்டு அங்கே விளக்கெரிப்பர். சென்னையில் அவள் காவியத் தலைவி. வன்னியில் அவள் வழிபடு தெய்வம். சிலையின் கீழ் நின்று படமெடுப்போர் நடுவே, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கும் ஒருவரைக் கண்டால், அவர் எந்த ஊரார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து நோக்கினால் வளைந்த முகப்புடைய கட்டடமொன்று தெரியும். அமெரிக்காவிலிருந்து கப்பலிற் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கு 1842இற் கட்டப்பட்டமையால் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று பெயர் பெற்றது. 1897இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாக வன்னியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து பாம்பனை அடைந்து, பின் சென்னைக்கு வந்து ஒன்பது நாள் தங்கியது இவ்வில்லத்திலேயே. நண்பர் இருவரும் வந்த வழி பெரியோர் வந்த வழியே என்பதை நினைக்கும்போது கால்வலி சிறிது குறையும்.

கடற்கரையில் அமர்ந்திருக்கையில் மற்றொரு நினைவும் எழாதிருக்காது. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுப் பட்டினத்தை அழித்தது. அதே காலையில் அதே அலை மெரினாவிலும் நடைபயின்றோரையும், விளையாடிய சிறுவரையும், கரையோரக் குப்பத்தாரையும் வாரிச் சென்றது. சுண்டல் விற்கும் முதியவளிடம் ஊரின் பெயரைச் சொன்னால், அவள் அந்த நாளைப் பற்றிக் கேட்கலாம். இருபுறமும் இழப்புடையோர் பேசிக்கொள்வதற்கு அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. அவள் அளவுக்கு மிஞ்சி ஒரு பிடி சுண்டலை அள்ளி வைப்பாள். அதற்கு விலை கேட்கலாகாது.

புகையிரதத்தின் இன்பத்தை இனிக் கூறுவோம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான வழியில் 1931 முதலே மின்சார வண்டி ஓடுகின்றது. 1995இல் முதற்பகுதி திறக்கப்பட்டு, பின்னர் வேளச்சேரிவரை நீண்ட பறக்கும் புகையிரத வழியோ, உயரத் தூண்களின்மேற் செல்கின்றது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை எனச் செல்லும் அவ்வண்டியின் வாயிலோரம் நின்றால், பக்கிங்காம் கால்வாயும், மொட்டைமாடியில் உலரும் துணிகளும், கோபுரங்களும், தென்னந்தலைகளும் கண்முன் ஓடும். சிறு தொகைக்குச் சீட்டு வாங்கி இவ்வழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சென்று திரும்புவதே ஒரு முற்பகற் பொழுதுபோக்கு. போரின்போது தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டு, யாழ்ப்பாண வண்டி மீண்டும் ஓடுவதற்கு 2014ஆம் ஆண்டுவரை காத்திருந்த நாட்டவர், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் மேடையில் நின்று வியப்பதில் தவறில்லை.

எழும்பூரில் நூதனசாலையும் கன்னிமரா நூல்நிலையமும் ஒரே வளவில் அமைந்துள்ளன. 1851இல் தோன்றிய நூதனசாலையின் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரை நின்று நோக்கலாம். இங்கே வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மிகுதியாதலால், ஒருமுறை நுழைந்தால் நாளின் பெரும்பகுதியை அங்கேயே செலவிடுவது சிக்கனம். இந்தியத் தொல்லியற் றுறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களிலோ சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய குறைந்த கட்டணமே உண்டு. கடவுச்சீட்டைக் காட்டுதல் வேண்டும். இச்சலுகையைக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பேருந்திற் சென்று வரலாம். இலங்கை இளவரசன் மானவர்மன் அரசிழந்து, பல்லவன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் படைத்துணையோடு மீண்டதைச் சூளவம்சம் கூறும். கடலைக் கடந்து தஞ்சம் புகுந்து திரும்பியோர் வரலாறு பழமையானது என்பதை அக்கற்கோயில்களின் நிழலில் அஞ்சலகத் தோழர் எண்ணிப் பார்ப்பார்.

1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூல்நிலையம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்துசேரும் இடங்களுள் ஒன்று. அங்கே பழைய தமிழ் நூலொன்றை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஆசிரியர், நெடுநேரம் பக்கத்தைப் புரட்டாதிருப்பதைத் தோழர் காண்பார். 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கேளாமலே அறிந்து, தோழர் பேசாது பக்கத்து நாற்காலியில் அமர்வார். பேச்சை எங்கே நிறுத்துவது என்று அறிந்தவரே பிரயாணத்துக்கு ஏற்ற நண்பர்.

ஈழத்தவரின் சுவடுகளைத் தேடிச் செல்வதும் செலவில்லாத இன்பமே. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவர்களுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டிற் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர். ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்து நூல்களை வெளியிட்டது தங்கசாலைத் தெருவில். அத்தெருவில் இன்று பாத்திரக் கடைகளும் சேட்டு வணிகரும் நிறைந்துள்ளனர். எனினும் அந்நெரிசலில் நடக்கும் ஆசிரியர், தாம் வகுப்பிற் கூறிவந்த பெயர்களுக்கு ஒரு தெருவும் ஒரு வெயிலும் கிடைத்துவிட்டதாக உணர்வார். அடுத்த தவணையில் அவர் கற்பிக்கும் பாடம் வேறுவிதமாய் இருக்கும்.

பழைய புத்தகப் பிரியருக்கு மூர் மார்க்கெட் ஒருகாலத்திற் சொர்க்கமாயிருந்தது. 1900ஆம் ஆண்டளவில் எழுந்த அச்சந்தைக் கட்டடம் 1985இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்திற் புகையிரத நிலையக் கட்டடம் எழுந்தது. எனினும் நடைபாதைப் புத்தகக்காரர் மறைந்துவிடவில்லை. திருவல்லிக்கேணிப் பாரதி சாலையில் நிலத்திற் பரப்பிய குவியலில் குந்தியிருந்து தேடினால், எவரோ பெயர் எழுதி வைத்திருந்த பழம்பதிப்பு கைக்கு அகப்படும். பேரம் பேசுவது தோழரின் பணி. பிரயாணப் பொதியின் நிறைக்கு வரம்பு உண்டாதலால், வாங்கியவற்றை இரவில் அறையிற் பரப்பி, இது வேண்டும், இது வேண்டாம் என்று விவாதிப்பதும் ஒரு விளையாட்டே.

மாலை வேளைக்கு மயிலாப்பூரின் மாடவீதிகள் உரியன. பூக்கடையும், பித்தளைக் கடையும், குளத்துப் படிகளும் பார்ப்பதற்குக் கட்டணம் கேட்பதில்லை. கடைக்காரரோடு பேசும்போது மொழியின் வேடிக்கை வெளிப்படும். ‘வடிவான குடை’ என்று கேட்டால் அவர் சற்றே திகைப்பார். ‘கதைப்போம்’ என்றால் கதை சொல்லப் போகிறார்கள் என்று எண்ணுவார். பின்னர், “சிலோன்காரங்களா?” என்ற கேள்வி வரும். கடையின் உட்புறத்திலிருந்து முதியவர் ஒருவர் தலைநீட்டி, இலங்கை வானொலியில் தாம் இளமையிற் கேட்ட திரைப்பாடல்களையும் அறிவிப்பாளர் குரல்களையும் நினைவுகூர்வார். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலெல்லாம் அக்காலத்தில் அவ்வொலி கேட்டது. முன்பின் அறியாதார் இருவர் ஒரு பழைய பாடலைக் கொண்டு கால்மணி நேரம் உறவாடுவர். குடையின் விலையும் பத்து ரூபா குறையும்.

இன்பங்களை மாத்திரம் கூறி, நண்பரிடை எழும் பிணக்கைக் கூறாது விடுவது உண்மையாகாது. மூன்றாம் நாள் நண்பகலில், வெயிலும் பசியும் கூடிய வேளையில், வழி தவறியதற்கு யார் காரணம் என்ற வினா எழுந்தே தீரும். ஒருவர் சாலையின் இப்பக்கமும் மற்றவர் அப்பக்கமுமாக நடப்பர். பணம் மிகுந்தவர் ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் பிரிந்துவிடலாம். பொதுப்பை ஒன்றே உடையவர் அவ்வாறு செய்தல் இயலாது. பை யாரிடம் உள்ளதோ அவர் இளநீர்க்காரர் முன் நின்று இரண்டு இளநீர் வெட்டச் சொல்வார். மற்றவர் வந்து வாங்கிக்கொள்வார். அவ்வளவில் வழக்குத் தீர்ந்துவிடும்.

இறுதிநாளில் வீட்டாருக்குப் பொருள் வாங்கவேண்டும். பட்டும் பொன்னும் இவர்கள் கணக்கில் இல்லை. பிள்ளைகளுக்கு எழுதுகோல்களும், மனைவியருக்கு நூற்சேலையும், ஆசிரியருக்கு ஆறு பழைய நூல்களும், தோழரின் தாயாருக்கு ஒரு கோப்பிக் குவளையும் வட்டிலும் போதும். எஞ்சிய சில்லறையைப் பங்கிட்டுக்கொண்டு இருவரும் தென்திசை திரும்புவர்.

ஊர் திரும்பிய மறுநாட் காலை அத்தாயார் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இந்தியா என்றால் அவருக்கு முகாமின் தகரக் கூரையும், தண்ணீர்க் குழாயடி வரிசையும், எப்போது ஊர் போவோம் என்ற ஏக்கமுமே நினைவு. மகன் அதே நாட்டுக்குப் போய், கடற்கரையில் உலாவி, வண்டியில் ஏறி, கண்ணகியைக் கும்பிட்டு, சொன்ன நாளில் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டான் என்பதை அவர் மெல்ல மெல்லத்தான் நம்புவார். பின்னர் குவளையில் தேநீரை வார்த்து, வட்டிலில் ஆற்றி, அடுத்த முறை தம்மையும் அழைத்துச் செல்வீர்களா என்று கேட்பார். நண்பர் இருவரும் அன்றே பொதுப்பைக்கு மூன்றாம் பங்கு ஒன்றைச் சேர்த்துக் கணக்கிடத் தொடங்குவர்.